இரு (தமிழ் வினைச்சொல்)

இக்கட்டுரை 'இரு' என்னும் வினைச்சொல்லைப் பற்றியது. எண்ணைப் பற்றி அறிய இரண்டு என்னும் கட்டுரையைப் பார்க்க.

இரு என்பது தமிழில் மிகுதியாக வழங்கும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். உட்காருதல், தங்குதல், உளதாதல், உயிர்வாழ்தல், ஒரு நிலையில் நீடித்தல் ஆகிய பொருள்களில் இது தனிவினையாக வருகிறது. பிற வினைகளின் பின் துணைவினையாக நின்று, செயல் முடிந்த நிலையையும் தொடரும் நிலையையும், பேசுவோர் அச்செயலை எவ்வாறு அறிந்தார் என்பதையும் உணர்த்துகிறது. இதன் எச்ச வடிவமான 'இருந்து' வேற்றுமைச் சொல்லுருபாகவும் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் 'பி', 'ஹேவ்' என்னும் இரண்டு வினைகள் செய்யும் வேலையின் பெரும்பகுதியைத் தமிழில் இந்த ஒரு வினையே செய்கிறது. ஆகவே மொழிபெயர்ப்போரும் ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவரும் இதன் பயன்பாடுகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

ஒலியால் ஒத்த பிற சொற்கள்

இவ்வினையோடு வடிவத்தில் ஒத்து, பொருளில் வேறுபட்ட சொற்கள் சில உள்ளன.

- இரு: இரண்டு என்னும் எண்ணின் பெயரடை வடிவம். எ.கா.: இருவர், இருபது, இருமொழி.
- இரு, இரும்: பெரிய என்னும் பொருள் தரும் உரிச்சொல். எ.கா.: இருங்கடல், இருநிலம்.
- இருப்பு: இரும்பு என்னும் சொல் தொடரில் திரிந்த வடிவம். தொடர்வண்டி செல்லும் 'இருப்புப்பாதை' இரும்பாலான பாதை என்றே பொருள்படும். கையில் மீந்திருப்பதைக் குறிக்கும் 'இருப்பு' மட்டுமே இவ்வினையிலிருந்து பிறந்தது.

சொல் வரலாறு

'இரு' என்பதன் பழைய பொருள் உட்காருதல், தங்குதல் என்பனவாகும். நில், கிட என்னும் வினைகளைப் போல இதுவும் முதலில் உடலின் ஒரு நிலையைக் குறித்தது. 'இருக்கை' என்னும் சொல்லில் அப்பொருள் இன்றும் உயிரோடு உள்ளது. 'இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்' என்னும் பழமொழியில் இருத்தலும் படுத்தலும் எதிரெதிராக நிறுத்தப்படுவதைக் காணலாம். இங்கு 'இருக்க' என்பதற்கு உட்கார என்றே பொருள்.

சங்ககால வழக்கமான 'வடக்கிருத்தல்' என்பதும் இப்பொருளின் வழி வந்ததே. வடக்கு நோக்கி அமர்ந்து, உணவை மறுத்து உயிர்விடுதலை இது குறிக்கும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்துறந்ததையும், அவனுடைய நண்பர் பிசிராந்தையார் அவனைப் பின்பற்றியதையும் புறநானூற்றுப் பாடல்கள் வழி அறிகிறோம். பாரியின் நண்பரான கபிலர் வடக்கிருந்து உயிர்நீத்தார் என்னும் மரபு தென்பெண்ணை ஆற்றங்கரையிலுள்ள திருக்கோவிலூரோடு தொடர்புடையது. அங்கு ஆற்றின் நடுவிலுள்ள பாறை கபிலர் குன்று என அழைக்கப்படுகிறது. விரதம் இருத்தல், நோன்பிருத்தல் ஆகிய இக்கால வழக்குகளும் இவ்வழியினவே.

பழந்தமிழில் 'உளதாதல்' என்னும் பொருளைப் பெரும்பாலும் 'உள்' என்பதன் அடியாகப் பிறந்த உளன், உளள், உளர், உளது, உள ஆகிய குறிப்பு வினைமுற்றுகள் உணர்த்தின. இவை காலத்தை வெளிப்படையாகக் காட்டாதவை. காலங்காட்டும் தேவை எழுந்த இடங்களில் 'இரு' பயன்பட்டு, நாளடைவில் உளதாதலைக் குறிக்கும் முதன்மை வினையாயிற்று. 'இரு' இவ்வாறு பொதுப்பொருள் பெற்ற பின், உட்காருதலைக் குறிக்க 'உட்கார்', 'அமர்' ஆகிய வினைகள் தமிழ்நாட்டு வழக்கில் நிலைபெற்றன.

வினை வடிவங்கள்

- இறந்தகாலம்: இருந்தேன், இருந்தாய், இருந்தார், இருந்தது, இருந்தன
- நிகழ்காலம்: இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறார், இருக்கிறது, இருக்கின்றன
- எதிர்காலம்: இருப்பேன், இருப்பாய், இருப்பார், இருக்கும் (அஃறிணை ஒருமை, பன்மை இரண்டிற்கும்)
- ஏவல், வியங்கோள்: இரு, இருங்கள், இருக்க, இருக்கட்டும்
- பெயரெச்சம்: இருந்த, இருக்கிற, இருக்கும்
- வினையெச்சம்: இருந்து, இருக்க, இருந்தால்
- எதிர்மறை: இருக்கவில்லை, இருக்கமாட்டேன், இருக்காது, இராது, இராமல், இருக்காமல்
- பிறவினை: இருத்து (எ.கா.: மனத்தில் இருத்தினான்)

தனிவினையாக வரும்போது

1. ஓரிடத்தில் உளதாதல். எ.கா.: கோமுகி அணை கச்சிராயபாளையம் அருகே இருக்கிறது.

2. தங்குதல், வசித்தல். எ.கா.: என் அத்தை வடக்கனந்தலில் இருக்கிறார்.

3. உயிர்வாழ்தல். எ.கா.: தாத்தா இருந்த காலத்தில் இந்தக் கிணறு வற்றியதில்லை. இறந்தவரை 'அவர் இப்போது இல்லை' எனக் குறிப்பது மங்கல வழக்காகும்.

4. காத்திருத்தல். எ.கா.: கொஞ்சம் இருங்கள், இதோ வருகிறேன்.

5. அளவைத் தோராயமாகக் கூறுதல். எ.கா.: அவருக்கு ஐம்பது வயது இருக்கும். இங்கு எதிர்கால வடிவம் வந்தாலும் எதிர்காலப் பொருள் இல்லை. மதிப்பீடு என்பதே பொருள்.

6. உணர்ச்சியையும் உடல்நிலையையும் கூறுதல். எ.கா.: எனக்குப் பசியாக இருக்கிறது, அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உணர்பவர் நான்காம் வேற்றுமையில் வருவதும், வினை அஃறிணை ஒருமை விகுதி பெறுவதும் கவனிக்கத்தக்கன.

7. உடைமை. இது அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

உடைமைப் பொருள்

ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்பது உடையவரை எழுவாயாகக் கொள்ளும். தமிழில் உடைமைப் பொருளே எழுவாயாகிறது. உடையவர் வேற்றுமை உருபு ஏற்று வருவார். எவ்வுருபை ஏற்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் வேறுபடுகிறது.

- கு உருபு: உறவு, உடலுறுப்பு, உரிமை, நிலையான சொத்து போன்றவற்றிற்கு வரும். எ.கா.: எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள், அவருக்கு மலையடிவாரத்தில் நிலம் இருக்கிறது.
- இடம் உருபு: ஒருவர் கைவசம் உள்ளவற்றிற்கு வரும். எ.கா.: என்னிடம் நூறு ரூபாய் இருக்கிறது.

'என்னிடம் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்றால், தம்பியர் இருவர் தற்போது என் பொறுப்பில் உள்ளனர் என்ற பொருளே தோன்றும். 'அவருக்குப் பணம் இருக்கிறது' என்பது அவர் செல்வர் என்பதையும், 'அவரிடம் பணம் இருக்கிறது' என்பது பணம் அவர் கையில் உள்ளது என்பதையும் உணர்த்தும். பிறர் பணத்தை வைத்திருப்பவருக்கும் இரண்டாவது தொடர் பொருந்தும். முதல் தொடர் பொருந்தாது.

உடையவரை எழுவாயாக்கிக் கூற விரும்பினால் 'வைத்திரு' என்னும் கூட்டுவினை பயன்படும். எ.கா.: அவர் இரண்டு மாடுகள் வைத்திருக்கிறார். இது பேணுதல், கைக்கொண்டிருத்தல் என்னும் பொருளுடையது. ஆகையால் 'மூன்று அண்ணன்கள் வைத்திருக்கிறேன்' என இயல்பாகக் கூறுவதில்லை.

பெயர்ப் பயனிலையும் 'ஆக இரு' என்பதும்

தமிழில் ஒரு பெயரோடு மற்றொரு பெயரை இணைக்க வினை தேவையில்லை. 'அவர் மருத்துவர்' என்பது முழுமையான வாக்கியம். எழுத்து வழக்கில் 'ஆவார்', 'ஆகும்' ஆகியவை இறுதியில் சேர்வதுண்டு. 'அவர் மருத்துவராக இருக்கிறார்' என்பதும் பிழையற்றதே. ஆனால் அது அவர் தற்போது அப்பணியில் உள்ளார் என்னும் நிலையை உணர்த்தும். 'அப்போது அவர் தலைமையாசிரியராக இருந்தார்' என்பது போல, மாறக்கூடிய பொறுப்புகளையும் இறந்தகாலச் செய்திகளையும் கூற இவ்வமைப்பு ஏற்றது.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது 'இஸ்' வருமிடமெல்லாம் 'ஆக இருக்கிறது' என எழுதும் பழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. 'சென்னை தமிழ்நாட்டின் தலைநகரமாக இருக்கிறது' என்பதைவிடச் 'சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம்' அல்லது 'தலைநகரம் ஆகும்' என்பதே வரையறைக்குப் பொருத்தமானது. பண்பைக் கூறும்போது 'ஆக இரு' இயல்பாக வரும். எ.கா.: தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது.

உண்டு, உள்ளது, இல்லை

'இரு' என்பதோடு சேர்த்து அறியவேண்டிய மூன்று குறிப்பு வினைகள் இவை.

உண்டு: பொதுவாக அல்லது வழக்கமாக உளதாதலைக் குறிக்கும். 'இந்தக் கோவிலில் நாள்தோறும் பூசை உண்டு' என்பது வழக்கத்தையும், 'இன்று பூசை இருக்கிறது' என்பது குறிப்பிட்ட நாளின் செய்தியையும் கூறும். வினையாலணையும் பெயரோடும் தொழிற்பெயரோடும் சேர்ந்து பட்டறிவைக் குறிக்கும். எ.கா.: நான் கல்வராயன் மலைக்குப் போனதுண்டு.

உள்ளது: எழுத்து வழக்கில் 'இருக்கிறது' என்பதற்கு மாற்றாக வரும். இதற்கு இறந்தகால வடிவம் இல்லை. அவ்விடத்தில் 'இருந்தது' என்றே எழுத வேண்டும்.

இல்லை: நிகழ்கால எதிர்மறை. 'வீட்டில் அரிசி இருக்கிறது' என்பதன் எதிர்மறை 'வீட்டில் அரிசி இல்லை' என்பதாகும். 'இருக்கவில்லை' என்பது இறந்தகாலத்திற்கே உரியது. 'அல்ல' என்பதோடு இதனைக் குழப்புதல் கூடாது. இல்லை என்பது உளதாதலை மறுக்கும். அல்ல என்பது தன்மையை மறுக்கும். எ.கா.: இங்கே பாம்பு இல்லை; இது பாம்பு அல்ல.

வேறு, இல்லை, உண்டு ஆகிய மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்திற்கும் பொதுவாக வரும் என நன்னூல் கூறுகிறது.

துணைவினையாக வரும்போது

செய்து + இரு: நிறைவு

இறந்தகால வினையெச்சத்தோடு 'இரு' சேரும்போது, செயல் முடிந்து அதன் விளைவு நிலைத்திருத்தலை உணர்த்தும். உட்காருதல், தங்குதல் என்னும் பழம்பொருளே இங்கு 'விளைவு தங்குதல்' என விரிந்துள்ளது எனலாம்.

- வந்திருக்கிறார்: வந்தார், வந்த நிலை இப்போதும் தொடர்கிறது.
- வந்திருந்தார்: கடந்தகாலத்தின் ஒரு புள்ளிக்கு முன்பே வந்துவிட்டார், அல்லது வந்து, பிறகு சென்றுவிட்டார்.
- வந்திருப்பார்: எதிர்காலத்தின் ஒரு புள்ளிக்குள் வந்துவிடுவார், அல்லது இந்நேரம் வந்துவிட்டார் என ஊகம்.

கண்டதும் உய்த்துணர்ந்ததும்

'செய்திரு' என்னும் அமைப்பின் மற்றொரு பயன் பலராலும் கவனிக்கப்படாதது. பேசுபவர் செய்தியை எவ்வாறு அறிந்தார் என்பதை இது காட்டுகிறது. கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மலையடிவாரத்துச் சமவெளியில் நிற்கும் ஒருவர் பின்வரும் மூன்று தொடர்களுள் ஒன்றைக் கூறக்கூடும்.

1. மலையில் மழை பெய்தது.
2. மலையில் மழை பெய்திருக்கிறது.
3. மலையில் மழை பெய்திருக்கும்.

முதல் தொடர் மழை பெய்ததை உறுதிப்படக் கூறுகிறது. கூறியவர் மழையை நேரில் கண்டிருக்கலாம், அல்லது ஐயமின்றி அறிந்திருக்கலாம். இரண்டாவது தொடரைச் செந்நிறமாக ஓடிவரும் புதுநீரைக் கண்டவர் கூறுவார். மழையை அவர் காணவில்லை. ஆனால் அதன் விளைவு அவர் கண்முன் உள்ளது. மூன்றாவது தொடருக்குக் கண்முன் சான்று எதுவும் தேவையில்லை. வானம் கறுத்திருந்தது என்னும் நினைவோ, இது மழைக்காலம் என்னும் அறிவோ போதும்.

இவ்வேறுபாடு வாழ்வில் பெரும் விளைவுகளை உண்டாக்க வல்லது. 'அவர் பணத்தை எடுத்தார்' என்பது குற்றச்சாட்டு. 'அவர் பணத்தை எடுத்திருக்கிறார்' என்பது சான்றிலிருந்து பெறப்பட்ட முடிவாக இருக்கக்கூடும். 'அவர் பணத்தை எடுத்திருப்பார்' என்பது வெறும் ஊகம். ஒருவருடைய வாக்குமூலத்தை எழுதுபவரோ மொழிபெயர்ப்பவரோ இம்மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால், சொன்னவர் ஏற்காத பொறுப்பு அவர்மேல் ஏற்றப்படும்.

தன்மை இடத்திலும் இப்பொருள் தோன்றுவதுண்டு. 'நான் தூங்கினேன்' என்பது இயல்பான கூற்று. 'பேருந்தில் நான் தூங்கியிருக்கிறேன். ஊர் தாண்டிவிட்டது' என்பதில், தூங்கியதைப் பின்னரே உணர்ந்தமை புலப்படும். எனினும் எல்லா இடங்களிலும் 'செய்திரு' ஊகத்தைக் குறிப்பதில்லை. 'நான் திருக்கோவிலூருக்குப் போயிருக்கிறேன்' என்பது பட்டறிவைக் கூறுகிறது. சூழலே பொருளை முடிவு செய்யும்.

'செய்திருக்க வேண்டும்' என்னும் அமைப்பு இருபொருள் தருவது. 'அவர் நேற்றே வந்திருக்க வேண்டும்' என்பது, வந்துவிட்டார் என்னும் வலுவான ஊகமாகவும், வராமல் கடமை தவறினார் என்னும் குறையாகவும் அமையலாம்.

செய்தித்தாள்களில் 'அறிவித்துள்ளார்', 'தெரிவித்துள்ளது' போன்ற வடிவங்கள் மிகுதி. இவை 'அறிவித்திருக்கிறார்', 'தெரிவித்திருக்கிறது' என்பவற்றின் எழுத்து வழக்கு வடிவங்கள்.

செய்துகொண்டு + இரு: தொடர்ச்சி

எ.கா.: படித்துக்கொண்டிருக்கிறேன், படித்துக்கொண்டிருந்தேன், படித்துக்கொண்டிருப்பேன். செயல் முடிவுறாமல் நடைபெறுவதை இது குறிக்கும்.

செய்ய + இரு: எதிர்நோக்கு

எ.கா.: அமைச்சர் நாளை வர இருக்கிறார். எழுத்து வழக்கில் 'வரவுள்ளார்' எனவும் வரும். 'வருவதாக இருந்தார்' என்பது திட்டமிட்டு நடவாமற்போனதைக் குறிக்கும்.

செய்யாமல் + இரு: செயலின்மை

எ.கா.: மூன்று நாள் பேசாமல் இருந்தான். 'பேசவில்லை' என்பது நிகழாமையை மட்டும் கூறும். 'பேசாமல் இருந்தான்' என்பது அந்நிலை நீடித்ததையும், பல இடங்களில் அது வேண்டுமென்றே செய்யப்பட்டதையும் காட்டும்.

செய்திருந்தால்: நடவாத நிபந்தனை

எ.கா.: முன்பே சொல்லியிருந்தால் வந்திருப்பேன். சொல்லவுமில்லை, வரவுமில்லை என்பது பெறப்படும்.

சேர்த்தும் பிரித்தும் எழுதுதல்

துணைவினையாக வரும் 'இரு' முன்னுள்ள எச்சத்தோடு சேர்த்து எழுதப்படுவதே பொருள் தெளிவுக்கு ஏற்றது. 'தம்பி வந்திருந்தான்' என்பதில் ஒரே செயல் உள்ளது. 'தம்பி வந்து இருந்தான்' என்பது வந்தான், பிறகு தங்கினான் என இரு செயல்களாகவும் பொருள்படும்.

'இருந்து' என்னும் சொல்லுருபு

ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளில் 'இருந்து' சொல்லுருபாக வரும். அஃறிணைப் பெயர்களில் 'இல்' உருபின் பின்னும், உயர்திணைப் பெயர்களில் 'இடம்' உருபின் பின்னும் சேரும். எ.கா.: வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சென்றான், ஆசிரியரிடமிருந்து கற்றான். 'ஓரிடத்தில் இருந்து, பின் நீங்கி' என்னும் எச்சப்பொருளே நாளடைவில் உருபுப் பொருளாயிற்று. 'நின்று' என்னும் எச்சமும் இதே வழியில் சொல்லுருபாகியுள்ளது.

'அவர் சென்னையில் இருந்து பணியாற்றினார்' என்னும் தொடரில், சென்னையில் தங்கி என்பதே பொருள். 'அவர் சென்னையிலிருந்து வந்தார்' என்பதில் நீங்கற்பொருள். முன்னதைப் பிரித்தும் பின்னதைச் சேர்த்தும் எழுதினால் மயக்கம் நேராது.

இருந்தாலும், இருப்பினும், இருந்தும் ஆகியவை இணைப்புச் சொற்களாக வழங்குகின்றன.

ஆங்கிலத்துடன் ஒப்பீடு

ஆங்கில நிறைவு வினை 'ஹேவ்' என்னும் உடைமை வினையால் அமைகிறது. தமிழ் நிறைவு வினை இருத்தலால் அமைகிறது. பயன் ஒத்திருப்பதுபோல் தோன்றினாலும், எல்லைகள் வேறு.

- தமிழில் 'நேற்று வந்திருக்கிறார்' எனக் கூறலாம். ஆங்கிலத்தில் முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லோடு இந்நிறைவு வடிவம் வருவதில்லை. 'ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே' என்பது பிழை. 'ஹி கேம் யெஸ்டர்டே' என்பதே முறை. தமிழ் மாணவர் இப்பிழையை அடிக்கடி செய்வதற்குத் தாய்மொழி அமைப்பு ஒரு காரணம் ஆகும்.
- 'வைத்திருக்கிறேன்' என்பதை எண்ணி 'ஐ ஆம் ஹேவிங் எ பைக்' என எழுதுவது இந்திய ஆங்கிலத்தில் பரவலாகக் காணப்படும் வழக்கு. உடைமைப் பொருளில் 'ஐ ஹேவ்' என்பதே பொது ஆங்கில வழக்கு.
- 'எடுத்திருக்கிறார்' என்பதை 'ஹாஸ் டேக்கன்' என்று பெயர்த்தால், தமிழிலுள்ள உய்த்துணர்வுக் குறிப்பு மறைந்துவிடக்கூடும். 'எடுத்திருப்பார்' என்பதைச் சூழலுக்கேற்ப 'மஸ்ட் ஹேவ் டேக்கன்' எனலாம்.
- 'போக வேண்டும்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹேவ் டு கோ' என 'ஹேவ்' வரும். தமிழில் அவ்விடத்தில் 'இரு' கட்டாயமில்லை. 'போக வேண்டியிருக்கிறது' என 'இரு' சேர்ந்தால், சூழ்நிலையின் கட்டாயம் என்னும் பொருள் மிகும்.

பேச்சு வழக்கு

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இருக்கு, இருக்காங்க, இருந்துச்சு ஆகிய வடிவங்கள் வழங்குகின்றன. துணைவினையாகும்போது மேலும் குறுகி 'வந்துருக்கேன்', 'வந்துட்டிருக்கேன்' என ஒலிக்கும். இலங்கைத் தமிழில் 'இருங்கோ' என்பது உட்காருங்கள் என்னும் பழம்பொருளில் இன்றும் பெருவழக்காக உள்ளது. தமிழ்நாட்டில் 'இருங்க' என்றால் பெரும்பாலும் 'காத்திருங்கள்' என்றே கொள்ளப்படும். யாழ்ப்பாணத்து வீட்டில் 'இருங்கோ' எனக் கேட்டு நின்றுகொண்டே காத்திருக்கும் தமிழ்நாட்டு விருந்தினர், இருக்கையில் அமருமாறு தமக்குச் சொல்லப்பட்டதை அறியாதவர் ஆவார்.

பிற மொழிகளில்

திராவிட மொழிகள் பலவற்றில் இவ்வினையின் இனச்சொற்கள் உள்ளன. கன்னடத்தில் 'இரு' தமிழைப் போலவே உளதாதலைக் குறிப்பதோடு நிறைவுத் துணைவினையாகவும் வருகிறது. மலையாளத்தில் 'இரிக்குக' என்பது உட்காருதல் என்னும் பொருளைக் காத்துள்ளது. உளதாதலுக்கு அங்கு 'உண்டு' வழங்குகிறது. தெலுங்கில் உளதாதலைக் குறிக்கும் வினை 'உண்டு' என்னும் அடியாகும்.

சிங்களத்தில் உயிருள்ளவற்றுக்கு ஒரு வினையும் உயிரற்றவற்றுக்கு வேறொரு வினையும் உளதாதலைக் குறிக்க உள்ளன. யப்பானிய மொழியிலும் அத்தகைய பாகுபாடு உண்டு. அங்கு உயிருள்ளவற்றுக்கு வரும் வினையும் 'இரு' என்றே ஒலிக்கிறது. தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் தொடர்பு உண்டு என்னும் கருத்தை யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ முன்வைத்தார். பெரும்பாலான மொழியியலாளர் அதனை ஏற்கவில்லை. இரு மொழிகளில் ஒரு சொல் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

கூட்டுச்சொற்களும் ஆக்கச்சொற்களும்

- காத்திரு, குடியிரு, விழித்திரு, வீற்றிரு, கொலுவிரு
- இருக்கை, இருப்பு, கையிருப்பு, இருப்பிடம், குடியிருப்பு
- இருத்தலியம்: மனித இருப்பை ஆராயும் மெய்யியல் கொள்கைக்கு இக்காலத்தில் ஆக்கப்பட்ட சொல்

இவற்றையும் பார்க்கவும்

- துணைவினை
- குறிப்பு வினைமுற்று
- ஐந்தாம் வேற்றுமை
- வடக்கிருத்தல்